மூடுபனிச் சுவருக்கு அப்பால்

"எனக்குப் பங்கு வேண்டாம், பட்டம் வேண்டாம். நான் புளுகலைன்னு என் அண்ணன் மகன் ஒத்துக்கணும், அவ்வளவுதான்," என்றார் துப்பறிவாளரைத் தேடி வந்த மூதாட்டி.

அவருடைய அண்ணன் மறைந்த குழந்தை எழுத்தாளர். ஒரே ஒரு மாய நாட்டைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர். அந்த நாட்டைக் கண்டுபிடித்தது தான்தான் என்று தங்கை சொல்லப்போக, அத்தைக்குப் புத்தி தடுமாறுகிறது என்று மகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"சின்ன வயசுல, இடுப்பு ஒடிஞ்சு மாவுக்கட்டோட மல்லாக்கப் படுத்திருந்தப்போ. மேல சொன்னா நீங்களும் சிரிப்பீங்க."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவருடைய மைத்துனனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் புத்தகங்களைத் தின்று வளர்ந்தவன் அவன்.

"மாமா, அந்த நாட்டோட ஒரு எல்லையில மூடுபனிச் சுவர் இருக்கும். அதுக்கு அப்பால என்னன்னு சொல்லாமலே மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார்! எனக்கு இன்னும் ஆறலை."

எழுத்தாளரின் வீட்டை நினைவில்லமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தங்கை படுத்திருந்த அறையில் பெயிண்டர் ஏணியோடு காத்திருந்தார். அறை வாசலில் எழுத்தாளரின் மகனும் அவருக்குப் பின்னால் மூதாட்டியும் நின்றார்கள். தரையில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு குழிகள். அவற்றுக்குப் பக்கத்துச் சுவரில் உயரே ஒரு மரப் பரண். கூரை முழுக்க ஈரக் கறை.

துப்பறிவாளர் அந்தக் குழிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தார்.

"மாமா, வெள்ளைச் சட்டை!"

"அக்காகிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன். புத்தகத்துல இருக்கற வரைபடத்தை எடுத்துட்டு நீயும் வந்து படு, மாப்ள."

படுத்தவன் கத்திவிட்டான். "ஆறு, இரட்டை மலை, தீவு... எல்லாம் கூரையில இருக்கு மாமா!"

"மூடுபனிச் சுவர் எங்க?"

"அந்த இடத்துல... பரண் மறைக்குது."

மகன் வாசலிலிருந்தே அண்ணாந்து பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "சரி, கறையைப் பார்த்தே எழுதினதா இருக்கட்டும். அதைப் பார்த்தது எங்கப்பாவா இருக்கக் கூடாதா?"

"வாசல்ல நிக்கறீங்களே, பரணுக்கு மேல என்ன தெரியுது?"

"இன்னொரு பெரிய கறை."

"ஓடியாடின பையன் கண்ணுல அது படாம இருக்குமா? தெரிஞ்சும் எழுதலை. எழுந்திருக்க முடியாத தங்கச்சிக்குப் பார்வை எங்க முடிஞ்சுதோ, நாட்டையும் அங்கேயே முடிச்சுட்டார். நாடு உங்க அத்தையோடது. உங்கப்பா கடைசி வரைக்கும் அந்த எல்லையைத் தாண்டலை."

மகன் பெயிண்டரிடம் திரும்பினார். ஏணியை வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தை. இனிமே அட்டையில உங்க பேரும் வரும்."

மைத்துனனுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "கட்டைப் பிரிச்சதும் நீங்க பரணுக்கு மேல இருக்கற கறையைப் பார்க்கலையாம்மா?"

"எழுந்து நின்ன அன்னிக்கே பார்த்துட்டேன்," என்றார் மூதாட்டி. "'பார்த்தியா'ன்னு அண்ணன் கேட்டான். இல்லைன்னுட்டேன். பாவம், எனக்காகத்தானே அவ்வளவு நாளா அதைப் பனி போட்டு மூடி வெச்சிருந்தான்."