நாமும் நாங்களும்

வழிகாட்டி சொன்னதில் ஒரு சொல் இடம் மாறியிருந்தது.

"ராஜா செத்த அன்னிக்கு நாங்க இந்த முற்றத்துலதான் கூடினோம். மழை பெஞ்சு கல்லெல்லாம் ஒரே வழுக்கல்" என்றார் அவர், அரண்மனை முற்றத்தின் நடுவே மடக்கிய குடையை ஊன்றி நின்றபடி.

'அவங்க' என்று வர வேண்டிய இடம். அவள் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் எழுத்தில் தப்புத் தேடித் தேடியே மூக்குக் கண்ணாடி வாங்கியவள். ஒரு சின்னப் பிழை காதில் விழுந்துவிட்டால் பல்லிடுக்கில் நார் சிக்கியதைப் போல, அதை எடுக்கும் வரை அவளுக்கு வேறு நினைப்பே ஓடாது.

"அங்க 'நாங்க' வராது சார். 'அவங்க கூடினாங்க'ன்னு சொல்லணும்" என்றாள்.

"பாத்தீங்களா? லீவுலகூட சிவப்பு மையைப் பையில போட்டுட்டு வந்துட்டா" என்றான் கணவன். அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மகள், 'வாலு' என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிறவள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

வழிகாட்டி சிரிக்கவில்லை. தமிழ் அவருடைய தாய்மொழி இல்லை. இந்த நாட்டுக்காரர்தான். "உங்களை மாதிரி வந்தவங்ககிட்ட பேசிப் பேசிப் பழகினது" என்று காலையில் விடுதி வாசலில் சொல்லியிருந்தார். தமிழ் பேசுகிற வழிகாட்டி கிடைக்கிறார் என்பதற்காகத்தான் கணவன் பெரிய பேருந்துக் கூட்டத்தோடு போகாமல், தங்களுக்கு மட்டும் தனிக் கார் பேசியிருந்தான். பழைய தலைநகரை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது ஏற்பாடு: அரண்மனை, வெற்றித் தூண், கடைசியாக, இந்த நாட்டுத் தபால்தலையில்கூட இருக்கிற அந்தக் கல்லறைக் குன்று.

"'அவங்க'ன்னா தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு, மேடம்" என்றார் வழிகாட்டி யோசனையாக. "சரி, 'நாம'ன்னு ஒண்ணு இருக்கே, அது எப்போ?"

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கேக்கறவங்களையும் சேத்துக்கிட்டா 'நாம'. அவங்களை விட்டுட்டா 'நாங்க'."

"அப்போ உள்ள இருக்கறவங்க வெளிய இருக்கறவங்களைப் பாத்துப் பேசினா, 'நாங்க'."

"ஆமா, அதேதான்."

"நல்ல மொழி" என்றார் அவர். "எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். யாரு உள்ள, யாரு வெளியன்னே தெரியாது."

வெற்றித் தூணுக்குப் போகிற வழியில் அவர் தவறே செய்யவில்லை. "நாம இப்போ பாலத்தைத் தாண்டறோம்." "நாம இங்க தண்ணி வாங்கிக்கலாம்." "உங்களை அந்த நிழல்ல இறக்கிவிடறேன்." ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. நல்ல மாணவன் கிடைத்த திருப்தியோடு ஜன்னல் பக்கம் திரும்பியவளின் காதில் அடுத்த வாக்கியம் விழுந்தது: "இந்தத் தூணுக்குக் கல்லு நாங்க அந்த மலையிலேர்ந்து உருட்டிட்டு வந்தோம்."

அவள் திருத்தவில்லை. குளிரூட்டி ஓடிய காருக்குள், வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த ஈரமண் வாடை லேசாக வந்தது. கண்ணாடியை இறக்கினாள். வெயில்தான் உள்ளே வந்தது, வாடை வெளியே போகவில்லை.

கல்லறைக் குன்றுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது நல்ல உச்சி வெயிலில். "பஸ்ல வந்த கூட்டமெல்லாம் சாப்பிடப் போயிருக்கும். இப்போ வந்தாத்தான் அமைதியா பாக்கலாம்" என்றார் வழிகாட்டி. உண்மைதான். தூரத்தில் வாயிற்கதவு அருகே நாற்காலியில் ஒரு காவலாளி இருந்தார், அவ்வளவுதான். புல் மூடிய அந்தப் பெரிய மண்மேட்டின் அடிவயிற்றில், கல் விளிம்பு வைத்த ஒரு துளை. நிமிர்ந்து போக முடியாது, ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்துதான் போக வேண்டும். அதைப் பார்த்ததுமே அவள் ஓரடி பின்வாங்கினாள். அடைசலான இடம் என்றால் அவளுக்கு ஆகாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக், அவளோ மாடிப்படியில்தான் ஏறுவாள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றேன், என் பொண்டாட்டி ஒரு தடவை ஏறினதில்ல" என்று அவன் சொல்லாத விருந்து கிடையாது.

வழிகாட்டி துளையருகே நின்று கதை சொன்னார். ராஜாவோடு உள்ளே போனவர்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லையாம். "முதல்ல ராஜாவோட சமையல்காரர் போனாரு. ரொம்ப நேரமாச்சுன்னு அவரைத் தேடி அவர் பொண்டாட்டி போனா. அம்மாவைத் தேடிப் பிள்ளைங்க, பிள்ளைங்களைத் தேடிப் பெரியப்பா, சித்தின்னு பாதி ஊரு. முதல்ல ஒருத்தர் போனாப் போதும், மேடம்."

"கதவை யாரு மூடினாங்க?" என்று கேட்டாள் வாலு.

"நாங்கதான். உள்ளேர்ந்து."

கணவன் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "நான் பாக்காத குழியா? எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாங்க. வெளியிலேர்ந்தே பாத்தாச்சு, போதும். போலாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல நின்னு திரும்பறதா? வாலு, அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோ."

வழிகாட்டியின் குடை வெளியே கிடந்தது. இரண்டு ஜோடிக் காலணிகளின் அடிப்பாகம் இருட்டுக்குள் ஊர்ந்து போய் மறைந்தது. கொஞ்ச நேரம் முழங்கால் மண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. புல்லில் பூச்சிகள் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தன. துளையிலிருந்து காற்று வந்து அவள் கணுக்காலைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது. சீராக. அது காற்று வருகிற விதம் இல்லை, மூச்சு வருகிற விதம் என்று தோன்றியதும் அவள் மகளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

முதலில் வழிகாட்டி வந்தார். பின்னால் கணவன். எழுந்து நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"தாராளமான இடம். எங்களுக்குப் போதும்."

"என்னது?"

"குளுகுளுன்னு இருக்கு. இந்த வெயில் எங்களுக்கு ஒத்துக்கல."

"நமக்குன்னு சொல்லுங்க" என்றாள். கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் உடைந்து வந்தது.

அவன் சிவப்பு மை என்று ஆரம்பிக்கவில்லை. விவரம் புரியாத வேற்றாளைப் பார்க்கிற பொறுமையோடு அவளைப் பார்த்தான். அவள் அவன் முழங்கால்களைப் பார்த்தாள். தவழ்ந்து போய்த் தவழ்ந்து வந்தவன். கால்சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

தோளருகே இருந்த சின்ன உடம்பின் சூடு எப்போது விலகியது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பினாள். துளைக்குள் வாலுவின் ரப்பர் செருப்புகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏய்! வெளிய வாடி! வாலு!"

ஓடிப்போய் விளிம்பில் மண்டியிட்டாள். தலையை நுழைத்தாள். நுழைந்தது தலை மட்டும்தான். தோள் மறுத்தது, நெஞ்சு மறுத்தது, கை கல்லைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. தன் உடம்பைத் தானே திட்டினாள். "என்னங்க, பிள்ளை உள்ள போயிட்டா, இழுங்க அவளை!" கணவன் அசையவில்லை.

"வந்துடுவா" என்றான்.

வந்தாள். உடனே வந்தாள். தலை முன்னால் போக நுழைந்த பிள்ளை, திரும்பக்கூட இடமில்லாத அந்தக் குழாயிலிருந்து முகம் முன்னால் வர, சிரித்தபடி வந்தாள். அம்மாவைத் தாண்டிப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தொங்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டியா கண்ணு?" என்று அவள் கேட்டாள்.

"எங்களுக்கு என்ன பயம்?" என்றாள் குழந்தை.

அவள் காவலாளியிடம் ஓடினாள். தெரிந்த மொழியில் எல்லாம் பேசிப் பார்த்தாள், கையை ஆட்டினாள். அவர் எழுந்து நின்று, அவள் காட்டிய திசையில் பார்த்தார். காரருகே ஒரு ஆண், ஒரு குழந்தை. அவர் அவர்களைச் சுட்டிக் காட்டி, இதோ இருக்கிறார்களே என்பதுபோலத் தலையசைத்துச் சிரித்தார். எல்லாரும் இருக்கிறார்கள். யாருக்கும் அடியில்லை, காயமில்லை. 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்க' என்கிறார்கள் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? இவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இவங்க ரெண்டு பேரும் ஒரு மாதிரி பேசறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"என்னடி, சண்டையா? உல்லாசமா ஊர் சுத்தப் போன இடத்துல என்னடி உங்களுக்கு?"

"சண்டை இல்ல. 'நாங்க'ங்கறாங்க. என்னை விட்டுட்டுப் பேசறாங்க."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு. அவர்கிட்ட குடு."

கணவன் எப்போது பக்கத்தில் வந்தான்? போனை மெல்ல வாங்கினான். "ஒண்ணுமில்ல அண்ணி, கொஞ்சம் அசதி. நாங்க நல்லா இருக்கோம். கவலைப்படாதீங்க."

அக்கா சமாதானமாகி வைத்துவிட்டாள். போனில் அது பிழையே இல்லை. அக்கா வெளியே இருக்கிறவள், அவளிடம் 'நாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். எந்தச் சிவப்பு மையாலும் அதில் கை வைக்க முடியாது.

விடுதிக்குப் போய்விட்டால் சரியாகிவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு, இவர்கள் கையைப் பிடித்து, நேராக விமான நிலையம். அவள் இதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு இருவரையும் காரில் ஏற்றினாள். அவர்கள் மறுக்கவில்லை. வழிகாட்டி வண்டியைக் கிளப்பினார். ஈரமண் வாடை இப்போது மூச்சை அடைத்தது. பின்னிருக்கையில் மகள் அப்பாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் இருந்த அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

"அம்மா" என்றாள் குழந்தை. "நீயும் எங்ககூட வர்றியா?"

அவள் பதில் சொல்வதற்குள் அது கேட்டது. இறக்கி விட்டிருந்த ஜன்னல் வழியாக. புல்மேட்டின் பக்கமிருந்து. அடியில், ஆழத்தில், கல்லுக்கு உள்ளே. அழுது அழுது கம்மிப்போன குரல்.

"அம்மா... நாம எப்போம்மா வீட்டுக்குப் போவோம்?"

நாம.

பக்கத்தில் இருந்த குழந்தையின் உதடுகள் மூடியிருந்தன. அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டி, யாரும் சொல்லாமலே, வண்டியை அணைத்தார்.

அவள் கதவைத் திறந்தாள். ஒரு கை அவளைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தாள். தடுத்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். தடுக்கவில்லை. வழிகாட்டி பின்னாலேயே வந்து, துளையருகே ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"என் பொண்ணை விட்டுடுங்க" என்றாள். "அவரையும். கெஞ்சிக் கேக்கறேன்."

"நாங்க யாரையும் பிடிச்சு வைக்கறதில்ல, மேடம்" என்றார் அவர் வருத்தத்தோடு. "தலை பத்திரம். மேல்கல்லு தாழ்வா இருக்கும்."

அவள் குனிந்தாள். இந்தத் தடவை தோள் நுழைந்தது. நெஞ்சு நுழைந்தது. கல் இருபுறமும் உரசியது. கை தூக்க இடமில்லை. திரும்ப இடமில்லை. முன்னால் அழுகை. "இதோ வந்துட்டேன் கண்ணு." முழங்கை. முழங்கால். முழங்கை. மூச்சுக்காற்று முகத்தில் பட்டது. ஈரமாக. பிறகு தரை கீழிறங்கியது, கல் விலகியது. நீட்டிய விரல்களில் சின்ன விரல்கள் பட்டன. சூடாக இருந்தன. அப்பாடா. சூடு. மகளை வாரி அணைத்தாள். பக்கத்தில் கணவனின் சட்டை, வியர்வை வாசம். "வந்துட்டியா" என்றான் அவன். அவன் அழுதுகொண்டிருந்தான். "நீ ஏன் வந்தே?"

"எந்திரிங்க. போயிடலாம். நாம போயிடலாம்."

துளையின் பக்கம் திரும்பினாள். தூரத்தில் ஒரு தட்டளவு வெளிச்சம். அதில் வெயில், புல், நிறுத்தியிருந்த கார். கணவன் காரருகே நின்றிருந்தான். குழந்தை நின்றிருந்தது. அவர்களை நோக்கி, அவளுடைய நீலச் சட்டையும் அவளுடைய மூக்குக் கண்ணாடியும் அணிந்த ஒரு பெண் புல்லில் நடந்து போனாள். குழந்தையின் தலையைக் கோதிவிட்டாள். அவள் கால்சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. குழந்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வழிகாட்டி கதவைத் திறந்து பிடித்தார். மூவரும் ஏறினார்கள்.

அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள்.

கார் கிளம்பிப் போன பிறகு வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து குறையத் தொடங்கியது. இருட்டுக்குள், அவர்களைச் சுற்றி, வரிசை வரிசையாக, துணிகள் சரசரத்தன. யாரோ முழங்காலை மடக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரையும் நகரச் சொல்லி, அவளுக்கு உட்கார இடம் விட்டார்கள்.