மீனாட்சி உதறிய சட்டைகள்

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அய்யாக்கண்ணு, பால்கனிக் கம்பியில் ஒரு வெள்ளை உடுப்பு தொங்குவதைப் பார்த்தார். தலைமூடியிலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த, காகிதம் மாதிரி மெல்லிய உடுப்பு. ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிட வேண்டியது. அதை யாரும் துவைப்பதில்லை. ஆனால் யாரோ துவைத்திருந்தார்கள். இரண்டு கால்களின் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சவுக்காரக் கட்டியின் வாசனை ஹால்வரை வந்தது.

நெஞ்சுப் பக்கத்தில் அவருடைய பெயர். சைட் சூப்பர்வைசர் கமாலுதீன் அன்று காலையில் மார்க்கரில் எழுதியது, தேய்த்துத் தேய்த்து மங்கிப்போயிருந்தது.

நான்கு மணிக்கு கெலுகோர் சைட்டில், அந்த உடுப்பை உட்பக்கம் வெளியே வரும்படி உரித்து, சுருட்டி, மற்ற மூன்று பேரின் உடுப்புகளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் கழுத்தை முறுக்கி டேப் ஒட்டியது அவர்தான். அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து மறுபடி ஒட்டியதும் அவர்தான்.

"குமுதா," என்று கூப்பிட்டார். "பால்கனில என்னாம்மா தொவைச்சு போட்டிருக்க?"

அறைக்குள்ளிருந்து மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். எட்டு மாதம். முதல் பிரசவத்துக்காக சனிக்கிழமைதான் ஜுருவில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள்.

"நானா? எனக்குக் குனியவே முடியலப்பா. மத்தியானத்துலேருந்து தூங்கிட்டிருந்தேன்." கம்பியை எட்டிப் பார்த்தாள். "நீங்க போட்டதில்லையா?"

அவர் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, உடுப்பை ஈரம் காயுமுன் சுருட்டி இரண்டு பைகளில் கட்டி, வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு மூன்று முறை குளித்தார்.

கெலுகோரில் அவர்கள் இடித்துக்கொண்டிருந்தது பழைய குவார்ட்டர்ஸ் வீடுகள். இடிப்பதற்கு முன் அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை முழுசாக இறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, உடைக்காமல் கையால் கீழே கொடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, பூட்டிய இரும்புக் கொள்கலனில் வைக்க வேண்டும். உரிமம் உள்ள லோரி வந்து எடுத்துப்போகும்வரை அந்தக் கொள்கலனை கமாலுதீனைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.

மறுநாள் காலையில் கமாலுதீன் திறந்தான். முந்தின நாள் பை அதே இடத்தில் இருந்தது. டேப் பிரியவில்லை. ஆனால் நான்கு பேரின் உடுப்புகள் இருந்த பை ஒரு பக்கம் சப்பிப்போய்க் கிடந்தது. பிளாஸ்டிக்கின் வழியே மூன்று பெயர்கள் தெரிந்தன.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வீட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களா?"

"இல்ல தம்பி."

"வீட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குதுன்னு சொன்னீங்க. ஒரு தூசி போனாக்கூட வெளிய வராது. நுரையீரல்ல குத்திக்கிட்டே கெடக்கும், இருபது முப்பது வருஷம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவரை விட அதை நன்றாகத் தெரிந்தவர் அந்த சைட்டில் யாரும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் அவர் கூரை வேலை செய்தது முகமூடி இல்லாமல். தகடுகளை ரம்பத்தால் அறுப்பார்கள். மாவு மாதிரி பறக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் சிரிப்பார்கள். காக்கிச் சட்டை வெள்ளையாகி, புருவம் வெள்ளையாகி வீட்டுக்கு வருவார். மனைவி மீனாட்சி வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைத்து, பால்கனிக்கு எடுத்துப் போய் உதறுவாள். தோள்களைப் பிடித்து, கையை உயர்த்தி, ஓங்கி ஒரு உதறல். பட். இன்னொன்று. பட். அப்புறம்தான் வாளியில் ஊறப்போடுவாள்.

ஒருநாள் அவள் இருமத் தொடங்கினாள். நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா எங்க வேலை செஞ்சாங்க?"

"வீட்டுலதான் டாக்டர். வேலைக்கே போனதில்ல."

"நீங்க?"

"கூரை வேல."

டாக்டரின் பேனா நின்றது. "உங்க உடுப்ப யாரு தொவைச்சது?"

அய்யாக்கண்ணுவின் நுரையீரலில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை சோதித்தார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன் மீனாட்சி, மூச்சை இழுக்க முயன்றபடியே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் கேட்ட கேள்வியை அவர் மகளிடம் இதுவரை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கம்பியில் உடுப்பு இருந்தது. அன்றையது. அதையும் கட்டி வைத்தார்.

புதன்கிழமை, அவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டது.

மழை பெய்து ஓய்ந்து, ஜெலுத்தோங் சாலையின் மோட்டார் சைக்கிள் இரைச்சல் எட்டாவது மாடிவரை ஈரமாக ஏறி வந்துகொண்டிருந்தது. எதிர் பிளாக்கில் யாரோ மீன் பொரித்தார்கள். குமுதா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி பலகையில் படும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, சாத்திய பால்கனிக் கதவுக்குப் பின்னால், கனமான துணி காற்றில் விரிந்து மடங்கும் சத்தம்.

பட்.

கத்தி நின்றது. "என்னாப்பா அது?"

"பக்கத்து வீடு," என்றார்.

பட்.

அவர் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. உடுப்பு கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. மழைக்குப் பின் வந்த வெயில் சாய்வாக விழுந்த இடத்தில் மட்டும் காற்று மின்னியது. ஊசி ஊசியாக, மிக மெதுவாக, கீழே இறங்காமல். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"மீனாட்சி," என்றார் தாழ்ந்த குரலில். "வேணாம்மா. இப்பல்லாம் இத தொவைக்கிறதில்ல. தூக்கிப் போட்டுர்றோம். புள்ள இருக்குது உள்ள. வேணாம்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய இடது தோளுக்கு மிக அருகில், இருமல். அடித்தொண்டையிலிருந்து தொடங்கி, முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோகும் அந்த இருமல்.

அன்று ராத்திரியே, முன்னமே சைட்டில் கேட்டு வாங்கி வைத்திருந்த தடித்த பிளாஸ்டிக்கை, பால்கனிக் கதவின் மேல் உத்தரத்திலிருந்து தரைவரை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். தரையை ஈரத் துணியால் துடைத்தார். துடைத்த துணியைப் பையில் கட்டினார். வேலையில் செய்வதை அப்படியே வீட்டிலும் செய்தார். முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது பிளாஸ்டிக் உள்பக்கமாக உப்பியது. பிறகு வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டது. கதவு பூட்டியிருந்தது. காற்று வர வழியே இல்லை. உப்பியது. ஒட்டியது. சில நேரம் நடுவில் நின்று, நான்கைந்து முறை வெட்டி வெட்டி அதிர்ந்து, மறுபடி உப்பியது.

குமுதா அறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நாளைக்கே ஜுருவுக்குப் போயிடும்மா," என்றார்.

"ஏம்பா தொரத்துறீங்க? அம்மா இருந்தா இப்படிச் சொல்வாங்களா?"

அப்போதுதான் சொன்னார். டாக்டர் கேட்டதை, சட்டைகளை, வாளியை, எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

குமுதா அழவில்லை. "அப்ப அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. யாரும் சொல்லல."

"இப்பவும் யாரும் சொல்லல," என்றாள் அவள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருமகன் யுகேந்திரனுக்கு அய்யாக்கண்ணு போன் செய்தார். கார் கடையில் வியாழக்கிழமை லீவு கிடைக்காது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்றான் அவன். வியாழக்கிழமை முழுவதும் குமுதா அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிளாஸ்டிக் அசையவில்லை. சத்தம் இல்லை. அன்றைய உடுப்பும் வரவில்லை. சொன்னது கேட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லோரி வந்தது. கமாலுதீன் ஒவ்வொரு கட்டாகச் சரிபார்த்து ஏற்றினான். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பைகளும் அதில் போயின. தார்ப்பாயை இழுத்துக் கட்டி லோரி சாலையில் திரும்பும்வரை அய்யாக்கண்ணு பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்ளோதான் அண்ணே. எல்லாம் போயிருச்சு லா. வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க."

பதினான்கு மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது. சந்தை முனையில் இறங்கி மகளுக்குப் பிடித்த பலகாரம் வாங்கிக்கொண்டார். லிஃப்டில் ஏறும்போது மணி ஐந்து.

எட்டாவது மாடியில் கதவு திறந்ததும் சவுக்கார வாசனை.

நடைபாதை நெடுக.

அவர் வீட்டுக் கதவு பூட்டவில்லை. ஹாலில் தரை ஈரம். டேப் உரித்து உருண்டையாக்கி மேசையில் வைத்திருந்தது. பிளாஸ்டிக்கைப் போர்வை மடிப்பதுபோல் நான்காக மடித்து நாற்காலியில் போட்டிருந்தது. தனி ஆளால் அவ்வளவு பெரிய விரிப்பை அப்படி மடிக்க முடியாது.

"குமுதா?"

பட்.

பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே. கம்பி முழுக்கக் காக்கிச் சட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக. கிழிந்தவை, ஒட்டுப் போட்டவை, எப்போதோ குப்பைக்குப் போனவை. இருபத்திரண்டு வருடம். துவைத்ததும், துவைக்கக் காத்திருந்ததும். காற்று வெள்ளையாக இருந்தது. எதிர் பிளாக் தெரியவில்லை.

மகள் நடுவில் நின்றாள். வயிற்றோடு சட்டை ஒட்டிக்கொள்ள நனைந்திருந்தாள். புருவம் வெள்ளை. உதடு வெள்ளை.

அவர் கையிலிருந்து பொட்டலம் விழுந்தது.

"உள்ள வா. மூச்சு விடாத. குமுதா, வாய மூடு, உள்ள வா!"

அவள் திரும்பினாள். சிரித்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்பா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பவும் நிறுத்த மாட்டேங்கிறாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "தனியா எவ்ளோதான் உதறுவாங்க அவங்க?"

அவள் இரண்டு கையாலும் ஒரு சட்டையின் தோளைப் பிடித்திருந்தாள். சட்டை கீழே தொங்கவில்லை. அவளுக்கு எதிரே, இடுப்பு உயரத்தில், விறைப்பாக இழுபட்டு நின்றது. அதன் மறுமுனையில் தூசி மெல்லப் படிந்துகொண்டிருந்தது. படிந்த இடத்தில் மட்டும் தெரிந்தன. ஒரு கட்டைவிரல். நான்கு விரல்கள். ஒரு மணிக்கட்டு.

குமுதா ஆழமாக மூச்சை இழுத்தாள்.

நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன.