செத்தவர் பேரில் ஒரு தூண்

போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

மறுபடி அலறியது!

சாப்பாட்டு மேஜை மேல் அவளுடைய கணவரின் லேப்டாப் திறந்தே கிடந்தது. திரை இருட்டப் பார்க்கும் போதெல்லாம் விரலால் தட்டி எழுப்பினாள். அவர் போன நாளிலிருந்து இதுதான் அவளுக்கு வேலை. திரையில் ஒரு தூண். அவர் கடைசியாகத் தொட்ட தூண்... அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

லைட், ஃபேன், குழாய் என்று எதையுமே மூடாமல் கிளம்பிப் போகிற மனுஷன்! தினமும் அதற்கு ஒரு சண்டை. அன்றைக்குக் காலையும் அப்படித்தான் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை.

மூன்றாவது முறை போனை எடுத்தாள்.

"தங்கச்சி... நான்தான்மா."

அண்ணன். கூடப் பிறந்த ஒரே அண்ணன். கட்டடங்களை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்டும் அலுவலகத்தில் டீம் லீடர். அவளும் அங்கேதான். கணவரும் அங்கேதான்... இருந்தார்.

"ஆஸ்பத்திரி மாடல் படுத்துடுச்சும்மா. திறந்தா க்ராஷ். பசங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. முதலாளி குதிகுதின்னு குதிக்கிறார்..."

சட்டென்று நிறுத்தினான்.

"ஐயோ, சாரிம்மா. வாய் தவறிடுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் கட்டி முடியாத அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்துதான் கணவர் விழுந்தார். ஒரு தூணைத் தப்பாக ஒல்லியாக வரைந்துவிட்டார், தப்பு தெரிந்ததும் தாங்காமல் குதித்துவிட்டார் என்று போலீஸ் எழுதியது. ஊரே தலையாட்டியது.

அவள் மட்டும் நம்பவில்லை. என்னை விட்டுவிட்டு அவராகப் போவாரா?

"முதலாளிதான் உன்னைக் கூப்பிடச் சொன்னார். உன்னை விட்டா இதுக்கு யாரும்மா டாக்டர்?"

செத்த மாடல்களுக்கு உயிர் கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே டாக்டரம்மாதான்.

"வர்றேண்ணா" என்றாள். புருஷனைக் காப்பாற்ற முடியாத டாக்டர்!

* * *

முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். பெரிய தொப்பை. அதைவிடப் பெரிய குரல்.

"உன் புருஷன் பண்ணிட்டுப் போன கோளாறும்மா இது! போற ஆளு என் மாடலையும் சேர்த்துக் கொன்னுட்டுப் போயிருக்கான்!"

"சார்..." அண்ணன் குறுக்கே வந்தான். "அவ நெலமை தெரியாம பேசாதீங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மூச்சு முட்டுது" என்றாள் அவள்.

வேலையை ஆரம்பித்தாள். அவள் வைத்தியம் ரொம்ப எளிசு. பாதி மாடலை மூடிவிட்டு மீதியைத் திறப்பாள். உயிரோடு இருந்தால் கோளாறு மூடின பாதியில் இருக்கிறது. அப்புறம் அந்தப் பாதியில் பாதி...

குழாய், கரண்ட், ஏசி எல்லாவற்றையும் மூடினாள். தூண்களை மட்டும் திறந்தாள்.

முதல் மாடி... மூச்சு விட்டது.

இரண்டு... மூன்று... நல்லபடியாகத் திறந்தன.

நாலு...

திரை வெளுத்தது. க்ராஷ்!

"இங்கதான் சார் நோவு" என்றாள். அதே நாலாவது மாடி!

அதிலும் பாதி பாதியாகக் கழித்தாள். கடைசியில் மூலையில் ஒரே ஒரு தூண் மிஞ்சியது. மெல்ல அதைத் தொட்டாள்.

'இந்தத் தூண் வேறொருவர் கையில் இருக்கிறது' என்றது திரை. கீழே ஒரு பெயர்.

கணவரின் பெயர்!

பிடியை விடாமல் போயிருக்கிறாரே, பாவி மனுஷன்!

இன்னும் கொஞ்சம் தோண்டினாள். அதே தூணை அதே பெயரில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தும் யாரோ இழுத்திருக்கிறார்கள். இழுத்து ஒல்லியாக்கியிருக்கிறார்கள்.

எப்போது?

அவர் போன மறுநாள்!

சட்டென்று திரையை மாற்றினாள். முதலாளி காதைக் குடைந்துகொண்டிருந்தார். அண்ணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"பசிக்குது சார். வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

அவள் சாப்பிடப் போகவில்லை.

வீட்டு லேப்டாப்பில் அதே தூண் தடியாக நின்றது! சரியான தூண். அவர் வரைந்த தூண்! இத்தனை நாளாக எதிரிலேயே உட்கார்ந்து அழுதாளே தவிர, ஒரு தடவையாவது அதன் அளவைப் பார்த்தாளா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டாள்.

* * *

திரும்பி வந்ததும் இருவரிடமும் பட்டென்று உடைத்தாள்.

"கோளாறு புரிஞ்சுடுச்சு சார். அவர் செத்த பிறகு, அவர் பேர்ல யாரோ மாடலுக்குள்ள போயிருக்காங்க."

"அவன் பேர்லயா? அதெப்படிம்மா?"

"நம்ம ஆபீஸ்ல எல்லாரும் பண்றதுதானே சார்! ஒருத்தர் எதையாவது பிடிச்சு வச்சுட்டு லீவுல போனா, அவர் பேரை டைப் அடிச்சு உள்ள போய் எடுத்துக்குறோமே. அதேதான். ஆனா இந்தத் தடவை ஒரு சின்ன சிக்கல்..."

"என்னம்மா சிக்கல்?" என்றான் அண்ணன்.

"அவர் இன்னும் வெளியவே வரலைண்ணா. வீட்டு லேப்டாப் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரே தூணை இழுத்தா மாடல் யாரை நம்பும்? அதான் விழுந்து விழுந்து சாகுது. அந்த லேப்டாப்ல அவர் வரைஞ்ச சரியான தூண் அப்படியே இருக்கு. சாயங்காலம் போலீஸ்ல கொடுக்கப் போறேன்."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அவசரத்துல வீட்டைக்கூடப் பூட்டாம ஓடி வந்திருக்கேன். எனக்குத்தான் புத்தி எங்க இருக்கு..." என்று தலையில் கை வைத்தாள்.

முதலாளி கார் சாவியை எடுத்தார். வெளியே போனார்.

போ... போ என்றது அவள் மனசு.

"உன் முகமே சரியில்லம்மா" என்றான் அண்ணன். "தலைவலி மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்." அவள் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினான்.

தனியாக உட்கார்ந்தாள்.

திரையில் கணவரின் பெயர். 'உள்ளே இருக்கிறார்' என்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்க... இன்னும் கொஞ்ச நேரம் இருங்க...

கதவு திறந்தது.

முதலாளி! கையில் இரண்டு காப்பி டம்ளர்.

"கார் வரைக்கும் போனேன்... மனசு கேக்கல. இந்தாம்மா. காலையில கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

அதே விநாடி...

திரையில் கணவரின் பெயர் அணைந்தது!

யாரோ லேப்டாப்பை மூடிவிட்டார்கள். முதலாளி இங்கே நிற்கிறார். அப்படியானால்...

"ஐயோ! அண்ணா!"

காப்பி டம்ளர் உருண்டது.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"ஆளைப் பிடிச்சுட்டோம்மா. நீங்க சொன்னபடி உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். ஃபைலை அழிச்சுட்டு மூடினான். நீங்க முன்னாடியே எடுத்துக் கொடுத்த ஃபைல் நகல் பத்திரமா என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

"தங்கச்சி..." அண்ணன் குரல் உடைந்திருந்தது. "தப்பான வரைபடத்தைக் கட்டட சைட்டுக்கு அனுப்பினது நான்தான்மா. தூணை ஒல்லியா வார்த்துட்டாங்க. மாப்பிள்ளை அளந்து பார்த்துட்டார். சொல்லியே தீருவேன்னு நின்னார். நாளைக்கு நோயாளிங்க தலையில விழும்னார். காலைப் பிடிச்சேன், கேக்கல... கோவத்துல தள்ளிட்டேன்மா! மறுநாள் அவர் பேர்ல போய் மாடலையும் ஒல்லியாக்கிட்டேன்."

அவள் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப... அவரா குதிக்கலையா?"

"இல்லம்மா."

"என்னை விட்டுட்டு அவரா போகலையாண்ணா?"

அண்ணன் அழுதான். அவளும் அழுதாள். அவள் சாப்பிட்டாளா என்று தினமும் இரண்டு வேளை போன் பண்ணிக் கேட்டவன் இவன்தான்! புருஷன் திரும்பக் கிடைத்தார், செத்தவராக. அண்ணன் போய்விட்டான், உயிரோடு.

"இனிமே எனக்கு போன் பண்ணாதேண்ணா..." என்று போனை வைத்தாள்.

திரையில் ஆஸ்பத்திரி முழுசாகத் திறந்து நின்றது. க்ராஷ் இல்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"உன் புருஷனை நானும் தப்பா நினைச்சுட்டேன்மா. அந்த லேப்டாப் மட்டும் அணைஞ்சிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, இல்ல?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது.

"கிளம்பும்போது எதையாவது அணைச்சுட்டுப் போங்கன்னு தினமும் கத்துவேன் சார். நல்லவேளை... அந்த மனுஷன் கடைசி வரைக்கும் என் பேச்சைக் கேக்கல!"