மூன்றாம் ஓலை

"கோயிலுக்கே வராதவங்களுக்கு வேதப்புத்தகம் எதுக்கு?"

கேட்டுவிட்டு ஹெப்சிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இந்த வாய்த்துடுக்கு தேவைதானா...

லண்டனில் ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷத்து ஐப்பசி. தாமிரபரணி கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு நடந்து வந்தவளை ஊர் எல்லையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட கூரைக்குள் ஓடினாள். அது அருமைநாயகத்தின் வண்டிப்பட்டறை.

விடுதியிலேயே படித்து வளர்ந்து, மூன்று மாதத்துக்கு முன்தான் ஊர் திரும்பியவள் அவள். சபையை விட்டு விலகிய முரடன் என்று அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். பார்த்ததில்லை. முரடனின் பலகையில் வேதப்புத்தகம் விரிந்து கிடந்தது. பக்க அடையாளத்துக்கு மரம் இழைத்த சுருள் ஒன்று.

அவன் உளியைக் கீழே வைத்தான். மழைத்தண்ணீர் சொட்டும் இமைகளோடு நின்றவளை ஒரு கணம் பார்த்தான்... உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"சாப்பாட்டுக்கடைக்குப் போகாதவனுக்குப் பசிக்காதா, டீச்சரம்மா?"

அந்தக் குரல்! அவளுக்குத் தெரிந்த குரல். ஞாயிறுதோறும் கோயில் மதிலுக்கு வெளியே யாரோ கீர்த்தனை பாடுவார்கள். உள்ளே முந்நூறு பேர் பாடினாலும் அவள் காது அந்த ஒரு குரலைத்தான் தேடும்.

"மதிலுக்கு வெளிய பாடுதது நீங்கதானா? உள்ள வந்து பாடினா என்னவாம்?"

"எங்க அம்மாவுக்கு உள்ள இடமில்லன்னாவ. அம்மா இருக்கிற இடத்திலதான நானும் இருக்கணும்."

பையப் பைய, சக்கரத்தின் ஆரக்காலைச் சீவிக்கொண்டே சொன்னான். பக்கத்து வீட்டு ஐயம்பெருமாளின் குழந்தைக்கு அம்மை போட்டபோது யாரும் கிட்டப் போகவில்லை. அவன் அம்மாதான் பதினொரு நாள் வேப்பிலை விரித்து, விசிறி, தலைக்குத் தண்ணீர் விட்டது வரை கூட நின்றாள். குழந்தை பிழைத்தது. அம்மனுக்குச் செய்யும் அஞ்ஞானச் சடங்கில் கலந்தாள் என்று சபைக் கமிட்டி பதிவேட்டில் அவள் பேரை அடித்தது. அடுத்த வாரம் அவளுக்கே அம்மை கண்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. மதிலுக்கு வெளியே புதைத்தான்.

"பேரை அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

அவன் பனையோலைக் குடையை எடுத்து நீட்டினான். "இருட்டிட்டு வருது. உபதேசியார் தேடுவாவ."

சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது. சபையில் பதிவேடு எழுதுவதும் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் உபதேசியார் பாக்கியசீலன். அவளுடைய அப்பா.

"அவங்க மேல கோவம் இல்லியா?"

"இருக்கு. ஆனா சபைப் பதிவேட்டிலதான அடிக்க முடியும்? ஆண்டவர் பேர் எழுதுத ஜீவபுஸ்தகம் இவங்க அலமாரியில இல்ல, டீச்சரம்மா."

குடையைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் போனாள். கொடுக்க மறந்துவிட்டேன் என்று மறுநாள் போனாள்... மார்கழியில் அப்பாவுக்குச் சேதி எட்டியது.

பாக்கியசீலன் சத்தம் போடவில்லை. "சபை முன்னால முழங்கால் போட்டு, அம்மா செஞ்சது பாவம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே கல்யாணத்தை நடத்தி வைக்கேன்."

அவள் போய்ச் சொன்னாள். அருமைநாயகம் சீவிய ஆரக்காலைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"ஆண்டவர் முன்னால தினமும் முழங்கால் போடுதேன். இவங்க முன்னால மாட்டேன். நீங்க வேற நல்ல இடம் பாத்துக்கிடுங்க."

'என்ன திமிர்!' என்று அழுதுகொண்டே வீடு திரும்பினாள். அந்தத் திமிர் இல்லாவிட்டால் அவனை இவ்வளவு பிடித்திருக்காது என்பதும் தெரிந்தே அழுதாள்.

தை பிறந்ததும் பக்கத்து ஊர் உபதேசியார் கிருபைராஜுக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் பேர் அறிவிக்க வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். அந்தக் கோயிலில் அதுவரை யாரும் எழுந்ததில்லை.

முதல் ஓலைக்கு அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்துச் சும்மா இருந்தாள். இரண்டாம் ஓலைக்கும் இருந்தாள். அன்று மதிலுக்கு வெளியே பாட்டு கேட்கவில்லை. அந்த வாரம் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் ஞாயிறு. தை மாதத்தில் வராத மழை தூறிக்கொண்டிருந்தது. குருவானவர் வாசித்தார்: "...இவர்கள் விவாகத்துக்குத் தடை அறிந்தவர் உண்டானால் சொல்லக்கடவர். இது மூன்றாம் ஓலை."

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"தடை உண்டு, ஐயா."

"யாரம்மா அது?"

"மணப்பெண்தான்."

முந்நூறு தலைகள் திரும்பின. பாக்கியசீலன் பதற்றத்தோடு எழுந்தார். "ஏட்டி, உக்காரு."

"உக்காருதேன் அப்பா. சொல்லிட்டு உக்காருதேன்." "என் மனசு வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. அதை மறைச்சு ஆண்டவர் சந்நிதியில உடன்படிக்கை பண்ணினா பொய்ச்சத்தியம். நோயாளிப் பிள்ளைக்கு விசிறின கையைப் பாவம்னு எழுதின பதிவேட்டில என் பேரு இருக்க வேண்டாம். அடிச்சிடுங்க. நான் விசுவாசத்தை விடல. இந்தப் பதிவேட்டைத்தான் விடுதேன்."

"உபதேசியாரே, பாட்டை எடும்," என்றார் குருவானவர் அவசரமாக. பாக்கியசீலன் வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை.

ஹெப்சிபா உட்காரவில்லை. வாசலைத் தாண்டி மழைக்குள் நடந்தாள்.

மதிலுக்கு வெளியே, அம்மாவின் மண்மேட்டருகே, அருமைநாயகம் நனைந்தபடி நின்றிருந்தான். சன்னல் வழியாக எல்லாம் கேட்டிருந்தது.

"பாட்டை ஏன் நிறுத்தினிய?" என்று சண்டைக்குப் போனாள்.

"தொண்டை அடைச்சுது..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்படிப் பண்ணிட்டியளே. இனி எந்தக் கோயில்ல நமக்கு ஓலை வாசிப்பாவ?"

"கல்யாணத்தைப் பதிய சர்க்கார் ஆபீஸ் இருக்கு. ஓலையை நானே வாசிக்கேன்." அவள் மண்மேட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். "பாக்கியசீலன் மகள் ஹெப்சிபாவுக்கும், இந்த அம்மா மகன் அருமைநாயகத்துக்கும்... தடை அறிந்தவர் உண்டா?"

"ஒரு தடை உண்டு, டீச்சரம்மா."

அவள் முகம் வெளுத்தது. "என்னது?"

உள்ளே அப்பாவின் குரல் ஒருவழியாகக் கீர்த்தனையை எடுத்தது. உடைந்து, தடுமாறி...

"மூணு ஓலைதான வாசிக்கணும்? இது நாலாம் ஓலை," என்றான் அவன். "முதல் மூணையும் அந்த ஐப்பசி மழையிலேயே என் மனசுக்குள்ள வாசிச்சு முடிச்சிட்டேன்."