பக்கத்தில் நின்ற குழந்தை

"கொதிக்கிற டீடி... ஆளு நிக்கிறது கூடவா தெரியல?"

மாமியாரின் பாதத்தில் டீ வழிந்துகொண்டிருந்தது. தையல் மெஷினை விட்டு எழுந்த மருமகளின் முழங்கை, பக்கவாட்டில் நீட்டிய டம்ளரைத் தட்டிவிட்டிருந்தது. அவள் பதறிப்போய்க் கீழே உட்கார்ந்து முந்தானையால் துடைக்கப் போனாள். மாமியார் காலை இழுத்துக்கொண்டாள்.

"நேத்தும் இப்படித்தான். பக்கத்துலயே நின்னேன், ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. இத்துனூண்டு ஊசியில நூல் கோக்கத் தெரியுது. மாமியார் வந்து நின்னா மட்டும் கண்ணு அவிஞ்சு போயிடுதா?"

அவள் தரையில் சிந்திய டீயைத் துடைக்கத் தொடங்கினாள்.

"காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா? நீயும் கொஞ்சம் பாத்து நடந்தா என்ன?" என்றான் கணவன். பதிலுக்குக் காத்திராமல் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பார்த்து நடக்கத்தான் அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். நேரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. துணியின் இழை, ஊசியின் காது, எதிரே நிற்பவர் முகம். ஓரங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தன. தோளில் இடித்த பிறகுதான் அங்கே கதவு நிலை இருப்பதே தெரியும்.

ஏன் என்பதும் அவளுக்குத் தெரியும். வலிப்புக்கு இந்த மாத்திரையை எழுதிய அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். "சில பேருக்கு இது ஓரப் பார்வையைக் குறைச்சிடும்மா. கண் டெஸ்ட்டுக்கு விடாம வந்துடணும்." அன்று தனியாகப் போயிருந்தவள், வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. டெஸ்ட்டுக்கும் போகவில்லை. போனால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே... மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் வலிப்பு வந்து சரிந்தாள். நினைவு திரும்பியபோது, நனைந்த பிள்ளையை மார்போடு அணைத்தபடி மாமியார் அலறிக்கொண்டிருந்தாள். அந்த அலறல் இன்றும் காதை விட்டுப் போகவில்லை. எத்தனையோ மருந்து மாற்றியும் அடங்காத வலிப்பை இது ஒன்றுதான் அடக்கியிருந்தது.

அன்று மதியம் மழலைப் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குச் சற்று முன்னால், தோளிலிருந்து நழுவிய பையைச் சரிசெய்ய ஒரு நொடி கையை விட்டாள். மறுபடி துழாவியபோது அந்தச் சின்னக் கை இல்லை.

"குட்டி?"

வலப்பக்கம் திரும்பினாள். இடப்பக்கம் திரும்பினாள். லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக் கடந்தது. அவள் பார்வை தெருவின் இரண்டு கோடிக்கும் மாறி மாறி ஓடியது. இடுப்பு உயரத்தில் இருந்த எதுவும் அதில் விழவில்லை.

"குட்டி... எங்கடி போன? யாராவது என் பொண்ணைப் பாத்தீங்களா?" குரல் கிழிந்தது. நடுத்தெருவில் கால் வைத்துவிட்டாள்.

வாசல் கேட்டைப் பிடித்தபடி மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை எங்கும் போகவில்லை. தாயின் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தது. இது என்ன நடிப்பு என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

ஓடிவந்து அவளை ஓரத்துக்கு இழுத்தாள். குழந்தையின் கையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இந்தா... இங்கதான்டி நிக்கிறா. உனக்குத் தெரியலையா?"

அவள் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தனை நாளா ஏன்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க அத்தை. இவளைத் தூக்கி வெச்சிருக்கும்போது மறுபடி வலிப்பு வந்துட்டா? என் கண்ணு போனாப் போகட்டும்... இவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"நான் பாவி... கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டேனே. இந்த வாயாலதானே கேட்டேன்."

மறுநாள் கணவன் வேலைக்குப் போகவில்லை. மூவருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவளைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் காதருகே விரலை ஆட்டினார்.

"எப்ப தெரியுதோ அப்ப சொல்லும்மா."

விரல் ஆடிக்கொண்டே இருந்தது. கன்னம் வரை வந்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஆட்டுங்க டாக்டர், சொல்றேன்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போனது திரும்பி வராது. இருக்கறதையாவது காப்பாத்தப் பாக்கணும்" என்றார் டாக்டர். "இதைச் சட்டுன்னு நிறுத்தக் கூடாது, ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வேற மருந்துக்கு மாத்துவோம். நடுவுல வலிப்பு வரலாம். கூடவே ஆள் இருக்கணும்."

எது வந்துவிடக் கூடாது என்று அஞ்சினாளோ, அதுவே வரப்போகிறது.

"நான் இருக்கேன்" என்றாள் மாமியார். "வலிப்பு வந்தா வரட்டும். குழந்தை என் இடுப்புல இருப்பா. நீ விழுந்தா என் மடியில விழு."

"பயமா இருக்கு அத்தை."

"எனக்கும்தான்டி."

மாமியார் நாற்காலியை இழுத்து வந்து, தன் முகம் முழுவதும் தெரியும்படி அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள்.