ரீஸ்டார்ட் செய்தால் மரணம்!

டெலிபோன் அலறியது.

காலை பதினொன்று இருபது. ஆஸ்பத்திரியின் சர்வர் அறை. சர்வரம்மா பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

"மேடம்! ஐ.சி.யூ. நர்ஸ் பேசறேன். ஏழாம் பெட் மருந்து பம்ப் உறைஞ்சு போச்சு! சர்வர்லேர்ந்து டோஸ் வரலே!"

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஏழாம் பெட்டில் கிடப்பது அவள் அத்தான். அக்காவின் கணவர்!

"அடுத்த டோஸ் எப்போ?"

"இன்னும் ஒன்பது நிமிஷம்! தவறினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்க அக்கா பக்கத்துலதான் நிக்கறாங்க. ஒரே அழுகை..."

"போனை வெச்சுடாதீங்க சிஸ்டர்!"

ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு விசைப்பலகையில் விழுந்தாள்.

அறைக்கோடியிலிருந்து ஒருவர் நகர்ந்து வந்தார். சர்வரைப் பராமரிக்க வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட். எந்த வெயிலிலும் டை கட்டுவார். அதனால் டைக்காரர்.

"என்னம்மா, பதட்டம்?"

"மருந்து புரோகிராம் திணறுது சார்!"

"அட, இதுக்கா? ஒரு ரீஸ்டார்ட் போடு. கப்புனு சரியாயிடும்."

"பாத்துட்டு..."

"என்னத்தப் பாக்கறே? மனுஷன் உயிரு ஊசலாடுது! போடும்மா!"

விரல் என்டர் பொத்தான் மேல் போய்...

நின்றது.

அவளுக்கு ஒரு வழக்கம். ரீஸ்டார்ட்டுக்கு முன்னால், கடைசியாகச் சர்வரில் எதை ஏற்றினோம் என்று பட்டியலைப் பார்த்துவிடுவாள்.

பார்த்தாள். திடுக்கிட்டாள்!

டோஸ் கணக்குப் போடும் லைப்ரரி... புத்தக அலமாரி இல்லை கண்ணுகளா, யாரோ எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளின் பொட்டலம்... அதில் புதிய பதிப்பு ஏறியிருந்தது.

ஏற்றிய நேரம் பத்து ஐந்து. ஏற்றியவர் பெயர்... அவளுடையது!

பத்து ஐந்துக்கு அவள் காபி குடிக்கப் போயிருந்தாள். பாஸ்வேர்டை அடித்து அடித்து அலுத்துப்போய் ஸ்க்ரீனைத் திறந்தே போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அறையில் இருந்தது ஒரே ஆள்!

பொட்டலத்தைப் பிரித்தாள். நடுவே நாலே வரி.

பெட் எண் ஏழு என்றால்... டோஸைப் பத்தால் பெருக்கு!

புதுப் பதிப்பு டிஸ்க்கில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வேண்டுமென்றே திணறவைத்திருப்பதும் அவளை ரீஸ்டார்ட் போடவைக்கத்தான். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதியது உயிர் பெறும்.

அத்தான் உயிர் போகும்!

"இன்னுமா ஆகலே?" டைக்காரர் குரலில் நெருப்பு.

"இதோ... ஆச்சு சார்."

"மேடம், நாலு நிமிஷம்தான்!" காதில் நர்ஸ் கதறினாள்.

புதியதை நகலெடுத்துத் தனியே பத்திரப்படுத்தினாள், சாட்சிக்கு. சர்வரிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். பழைய பதிப்பைத் தேடி ஏற்றினாள். நாற்பது சதவீதம்... எழுபது... நூறு!

"ரீஸ்டார்ட் போட்டுட்டேன் சார்!"

டைக்காரர் முகத்தில் நிம்மதி. கோடிக்குப் போய்ச் செல்போனை எடுத்தார்.

"மேடம்! டோஸ் வந்துடுச்சு! சரியான அளவு!" நர்ஸின் குரலுக்குப் பின்னால் ஒரு செல்போன் கிணுகிணுத்தது.

"ம்... முடிஞ்சுது. இன்னும் ரெண்டே நிமிஷம்," என்றார் டைக்காரர், தணிந்த குரலில்.

சர்வரம்மாவின் காதில், ரிசீவர் வழியே, நர்ஸுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அப்பாடா! இனிமே நீயும் நானும்தான்!"

அக்காவின் குரல்!

ஒரு கணம் உலகமே சுற்றியது. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சிஸ்டர், வாசல்ல நிக்கற செக்யூரிட்டியைக் கூப்பிட்டு எங்க அக்காவைப் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. இன்னொருத்தரை இங்க அனுப்புங்க."

டைக்காரர் கதவுக்குப் பாய்ந்தார். இழுத்தார். உதைத்தார்.

"அது என் கார்டுக்குத்தான் திறக்கும் சார். உக்காருங்க, கால் வலிக்கப்போகுது."

பத்து நிமிடம் கழித்து நர்ஸ் மறுபடி பேசினாள்.

"மேடம், உங்க அத்தான் கண் முழிச்சுட்டார். 'எங்கே என் பொண்டாட்டி'ன்னு கேக்கறார். என்ன சொல்ல?"

சர்வரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளியூர் போயிருக்கா, வர ஏழெட்டு வருஷம் ஆகும்னு சொல்லுங்க. சாப்பாடு, துணி எல்லாம் அரசாங்கமே பாத்துக்கும், கவலைப்படவேண்டாம்!"