உலர்ந்த பீங்கான்

கோடு தட்டையாக இருந்திருக்க வேண்டும்.

கோகிலவாணி திரையை மறுபடி பார்த்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று மற்றவர்கள் முன்னதாகவே கிளம்பிவிட, வண்டலூர் பக்கத்துக் கல்லூரியின் கீழ்த்தள ஆய்வகத்தில் அந்த மழை மத்தியானத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். வெளியே மழை இரைய, உள்ளே காந்த இயந்திரம் டிக், டிக் என்று சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்டுவிரல் நீள வெள்ளைப் பீங்கான். தண்ணீர் ஃபில்டருக்காக அவளுடைய ஜூனியர் ஹரிபிரசாத் புதிதாகச் சுட்டெடுத்தது. நுண்துளைகளில் தண்ணீர் இருந்தால் காந்தத்துக்குள் அது சிக்னல் கொடுக்கும். அந்த சிக்னலை வைத்துத் துளைகளை அளந்துவிடலாம். காய்ந்த பீங்கான் எதுவும் கொடுக்காது. இதை ராத்திரி முழுக்க ஓவனில் காயவைத்திருந்தாள்.

ஆனாலும் கோடு எழும்பியது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட உயரமாக.

ஹரிபிரசாத் இன்று வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டுவிட்டு, குழாயை வெளியே எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். பீங்கான் சாக்பீஸ் போல உலர்ந்திருந்தது. லேசாக வியர்வை நாற்றம்.

"அக்கா..." போனில் ஹரியின் குரலில் மணல் உரசியது.

"என்னாச்சுடா உனக்கு?"

"தாகம்க்கா. காலையிலேர்ந்து கேன் கேனா குடிக்கிறேன். அடங்கவே இல்ல. உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"செம்பாக்கம் முழுக்கத் தண்ணிக்கா, எப்படிப் போறது? அந்த பீஸ்... நேத்து கிளவுஸ் போடாம எடுத்தேன். விரல்ல ஒட்டிக்கிச்சு. பிச்சுத்தான் எடுத்தேன். நீங்க வெறுங்கையால தொட்டுடாதீங்க."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

போனில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. பிறகு குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

"ஹரி? ஹரி!"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

கையைக் கவிழ்த்தாள். பீங்கான் விழவில்லை. உதறினாள். விழவில்லை. இடது கையால் பற்றி இழுத்தாள். அந்த விரல்களும் ஒட்டிக்கொண்டன. வலியே இல்லை. பச்சைக் குழந்தை வாய் வைத்ததுபோல் மெல்லிய இழுப்பு.

கத்த வாய் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

வெள்ளைப் பீங்கானில் ஈரம் படர்ந்தது. கருமையாக. நகங்களைச் சுற்றித் தோல் சுருங்கியது. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை.

கண்ணை மூட முடியவில்லை. இமைகள் காய்ந்திருந்தன.

பீங்கானின் அடியில் ஒரு சொட்டு திரண்டு தரையில் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

தெளிந்த, சுத்தமான தண்ணீர்.